முழுதாக மிதித்தும் இழுக்காத லாரி

நடந்தது இதுதான்:

1. பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், தன் புது லாரி இழுக்க மாட்டேன் என்கிறது என்றார்.
2. நாங்கள் சோதித்தோம். லாரி பிரமாதமாக இழுத்தது.
3. லாரி ஊருக்குப் போனது. மறுபடி இழுக்கவில்லை.
4. மறுபடி சோதித்தோம். மறுபடி பிரமாதம்.
5. டீசல் ஃபில்டரை மாற்றினார்கள், டேங்கைக் கழுவினார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். மூன்றுக்கும் ஒரே பலன்தான் கிடைத்தது.
6. லாரியில் குறையே இல்லை என்று எங்கள் மீட்டர் எழுத்தில் கொடுத்துவிட்டதால், குறை டிரைவரிடம்தான் என்று முடிவானது.
7. டிரைவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். மிகுந்த மரியாதையோடு.

ஆறாவது வரியில் வரும் மீட்டரை இயக்கியவள் நான்.

லாரி சோதனை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பது வயதைத் தாண்டிச் சில வருடங்களே ஆன ஒருத்தி 'ஓய்வு' என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் ஓய்வு பெற்றது உண்மையில் நான் இல்லை, வேலை. இப்போது வரும் லாரிகள் எவ்வளவு வேகமாகக் கிளம்பின, எவ்வளவு டீசல் குடித்தன, டிரைவர் எங்கே டீ குடித்தார் என்பதையெல்லாம் தாங்களே முதலாளியின் செல்போனுக்கு அனுப்பிவிடுகின்றன. ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து அளக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பீரோவைச் சுத்தம் செய்தபோது என் மீட்டரைக் கண்டெடுத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு, "அக்கா, இது என்ன, பிபி பார்க்கிற மெஷினா?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அது பிபி பார்க்கும் மெஷின் இல்லை. சோப்புப் பெட்டி அளவில் இருக்கும். பின்னால் இருக்கும் ரப்பர் கிண்ணத்தை முன்கண்ணாடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொள்ள வேண்டும். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி ஆகிறது என்று சொல்லும். வண்டி முன்னால் பாயும்போது நம் முதுகு இருக்கையில் அழுந்துகிறது அல்லவா, அந்த அழுத்தத்தை உள்ளே இருக்கும் சென்சார் உணர்ந்து கணக்குப் போடும். காருக்காகச் செய்த கருவி. பந்தயக்காரப் பையன்கள் வாங்குவார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப் அதை வாங்கி லாரியில் ஒட்டியது. ஓட்டப்பந்தயக் கடிகாரத்தை வைத்து எருமையை அளப்பது போலத்தான், ஆனால் எருமைக்கும் வேகம் உண்டு.

என் பயிற்சிக் காலத்தை மூன்று வரியில் சொல்லிவிடலாம். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ. ஒரு வருடம் மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் என்னிடம் "மண்ணரையில வீட்டுப் பக்கத்திலயே பனியன் செக்கிங் வேலை கெடைக்குமே" என்று அறிவுரை கொடுத்தார்கள். பிறகு மீட்டர் வந்தது, அதன் புத்தகத்தைப் படித்துப் பார்த்தவள் நான் மட்டுமே என்பதால் அது என்னுடையதாயிற்று.

எனக்கு மேலே இருந்தவர் செல்வம் சார். திருநெல்வேலிக்காரர். திருப்பூருக்கு வந்து பாதி ஆயுள் ஆகியும் ஒரு வாக்கியத்தில்கூட 'ங்க' போட மறுத்தவர். மனிதர்களை நம்ப மாட்டார், லாரிகளையும் நம்ப மாட்டார், நிபந்தனைகளை மட்டும் நம்புவார். "நல்லா இழுக்குன்னு சொல்லாத. எத்தன செகண்டுல இழுக்குன்னு சொல்லு. 'நல்லா'ங்கறது மாமியார் சொல்லுத வார்த்த." இதை வாரம் ஒருமுறையாவது சொல்வார். மாமியார் எப்போது எதை நல்லா இருக்கு என்று சொன்னார் என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவர் வகுத்த சோதனை முறை சுவரில் ஒட்டியிருந்தது. ஒன்று, டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். இரண்டு, இன்ஜின் சூடேறியிருக்க வேண்டும். மூன்று, ஏசி அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும். நான்கு, கேபினில் கழன்று கிடக்கும் சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. ஐந்து, மீட்டரைச் சமமட்டமாக ஒட்டி, வண்டி அசையாமல் நிற்கும்போது பூஜ்யம் வைக்க வேண்டும். ஆறு, ஒரே சாலையில் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை ஓட்டி, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். ஏனென்றால் கொங்கு நாட்டில் சமதளச் சாலை என்று ஒன்று கிடையாது. சமதளம் மாதிரி தெரிவது, இன்னும் மேடு என்று கண்டுபிடிக்கப்படாத மேடு.

நான்காவது விதிக்கு ஒரு வரலாறு உண்டு. என் ஆரம்ப நாட்களில் ஒரு லாரி கிளம்பிய வேகத்தில், இருக்கைக்குப் பின்னால் டிரைவர் படுக்கும் இடத்தில் இருந்த பிரஷர் குக்கர் பறந்து வந்து சாரின் பின்மண்டையைத் தொட்டது. அன்று மாலையே விதி எழுதப்பட்டது. அறிவியல் பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது. இன்னொரு முறை, போகும் ஓட்டத்தைவிட வரும் ஓட்டம் அபாரமாக இருந்தது. லாரி திடீரென்று இளமை பெற்றுவிட்டதோ என்று நாங்கள் வியந்து முடிப்பதற்குள், பின்னால் ஒருவர் பைக்கில் துரத்தி வந்து, "உங்க மூட்டையெல்லாம் ரோட்டுல கெடக்குதுங்க" என்றார்.

இனி அந்த லாரி.

முதலாளி பொன்னுச்சாமிக்கு மூன்று லாரிகள். துணிப் பெட்டிகளைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஏற்றுவார். புதிய லாரியைச் சிவசாமி அண்ணனிடம் கொடுத்திருந்தார். அவர்தான் இருப்பவர்களில் மூத்த டிரைவர், நம்பிக்கையானவர். ஒருநாள் அந்த லாரி தூத்துக்குடியிலிருந்து காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. முதலாளி தற்செயலாகத் தன் காரில் பின்னால் வந்திருக்கிறார். அவிநாசிபாளையத்துக்கு முந்தைய ஏற்றத்தில் தேங்காய் மட்டை ஏற்றிய ஒரு டிராக்டர், லாரியை ஒலி எழுப்பி முந்திப் போயிருக்கிறது. முதலாளியின் மானம் அந்த இடத்திலேயே இறங்கி நடந்து போய்விட்டது.

"எப்பயிருந்துங்க இப்படி?" என்று நான் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு அப்புறந்தானுங்க அம்மணி. வண்டிய அன்னைக்கி அப்படி ஜோடிச்சோம். ஊரே பாத்துது. கண்ணு பட்டுப்போச்சுங்க" என்றார் முதலாளி.

"கண்ணு பட்டா டர்போ வேல செய்யாதுன்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்றார் செல்வம் சார்.

சோதித்தோம். சிவசாமி அண்ணன் வண்டியை வெளியே நிறுத்தி, தன் படுக்கை, பாத்திரம், விரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி மரத்தடியில் அடுக்கிவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே நான்காம் விதியைக் கடைப்பிடித்த ஒரே டிரைவர். ஒர்க்‌ஷாப் என்றால் கிரீஸ் படும் என்று அவருக்குப் பயம். அவரே ஓட்டினார். போக ஒன்று, வர ஒன்று. லாரி துள்ளிக்கொண்டு ஓடியது. மறுவாரம் அதே புகார், அதே சோதனை, அதே துள்ளல். மூன்றாம் முறை முதலாளியே ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்தார். அப்போதும் துள்ளல்.

"இது உங்களப் பாத்தா பயந்துக்குதுங்க அம்மணி" என்று சிவசாமி அண்ணன் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "வாத்தியாரம்மா முன்னால மட்டும் படிக்கற புள்ளையாட்டம்."

முதலாளி அப்படி நினைக்கவில்லை. யார் ஓட்டினாலும் இங்கே ஓடுகிறது. சிவசாமி ஓட்டினாலும் இங்கே ஓடுகிறது. ஆள் பார்க்காத இடத்தில் மட்டும் ஓடவில்லை என்றால், மிதிக்க வேண்டிய கால் மிதிக்கவில்லை. கணக்கு நேராகத்தான் இருந்தது. நான் அச்சடித்துக் கொடுத்த தாளை அவர் சிவசாமி அண்ணன் முன்னால் மேசையில் வைத்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

"இந்த அம்மணி பொய் சொல்லுமுங்களா?"

"அம்மணி ஏனுங்க பொய் சொல்லுது. மெஷினு சொல்றதத்தான சொல்லுது."

"அப்ப என்னங்க பண்றது?"

"நான் முழுசாத்தானுங்க மிதிக்கறேன்."

கொங்கு நாட்டில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தும்போதுதான் மரியாதை உச்சத்தைத் தொடும். முதலாளி எழுந்து நின்று சொன்னார்: "வயசாகுதில்லீங்க சிவசாமி. இந்த மாசத்தோட ஊட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க. ஒடம்புதானுங்க முக்கியம்."

சிவசாமி அண்ணனின் வயதில் ஒருவருக்கு வேறு எந்த முதலாளியும் லாரிச் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார். முதலாளிக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வாதாடவில்லை. போகும்போது என்னைப் பார்த்து, "வர்றேனுங்க அம்மணி" என்றார். திட்டியிருந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்கும்.

அந்த மாதத்தில் அவருக்குத் தூத்துக்குடி நடை இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நான் செல்வம் சாரிடம் போய், அந்த நடையில் தாராபுரம் வரைக்கும் மீட்டரோடு போகிறேன் என்றேன்.

"எம்மா, லோடு இருக்கும். கேபின்ல சாமான் கெடக்கும். அதுல வருத நம்பருக்கு என்ன மதிப்பு? அது டெஸ்ட் இல்ல, டூர்."

"அப்போ லீவு போட்டுக்கறேன் சார்."

"டூருக்கு லீவுதான் போடணும்" என்று கையெழுத்துப் போட்டார்.

லாரியில் ஏறக் காலை வைத்தபோது சிவசாமி அண்ணன் பதறினார். "செருப்பக் கழட்டிக்கங்க கண்ணு, சாமி இருக்குது." கண்ணாடிக்குக் கீழே முருகன், மாதா, ஒரு தர்கா படம் மூன்றும் ஒரே மாலைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். பாதம் புதைந்தது.

குனிந்து பார்த்தேன். கேபின் தரை முழுக்க ரோஸ் நிறம். குளிர்கால ஸ்வெட்டர் தைக்கும் பஞ்சுபோன்ற கனத்த துணி, மடித்து மடித்து, மெத்தை மாதிரி, சுவரோடு சுவராக, ஓரமெல்லாம் அழகாகச் செருகி விரித்திருந்தது.

"இதென்னங்ண்ணா?"

"மொதலாளி குடுத்ததுங்க, ஆயுத பூஜைக்கு" என்றார் பெருமையாக. "சீமைக்குப் போற ஆர்டருங்க. கலரு ஒத்துவரலைன்னு திரும்பிருச்சு. வெறுங்கால்ல ஓட்டறமில்லீங்க, இன்ஜின் சூடு காலுல ஏறும். இதப் போட்டதுலயிருந்து பாதம் குளுகுளுன்னு இருக்குது. மேல ஒரு மடிப்பு, கீழ ரெண்டு மடிப்பு."

"ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது?"

"எடுத்து மரத்தடியில வெச்சிருவனுங்க. உங்க கிரீஸுக்கு ஆரு கொடுக்கறது இந்தத் துணிய?"

நான் அவருடைய வலது காலைப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டர் பெடலை அவர் அழுத்த, அது பாதி தூரம் தாண்டியதும் ரோஸ் துணியில் மெத்தென்று உட்கார்ந்தது. அதற்கு மேல் போக இடமில்லை. அவர் முழுதாகத்தான் மிதித்துக்கொண்டிருந்தார், துணியை.

அவிநாசிபாளையம் தாண்டி, போக்குவரத்து குறைந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். மீட்டரை ஒட்டி, பூஜ்யம் வைத்து, துணியோடு போக ஒன்று, வர ஒன்று. பிறகு பெடல் பக்கத்துத் துணியைச் சுருட்டிவிட்டு, அதே சாலையில், அதே லோடோடு, போக ஒன்று, வர ஒன்று. இடையில் காங்கேயம் காளை ஒன்று தன் ஆளை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்ததால் ஓர் ஓட்டத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. துணி இல்லாமல் ஓடியதைவிட, துணியோடு ஓடியபோது ஒன்றரை மடங்கு நேரம் பிடித்தது.

காட்டினேன். நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இத மொதலாளிகிட்டச் சொல்லப் போறீங்களா?"

"பின்னே? உங்க வேல தப்பிச்சிருமுல்லங்ண்ணா."

"நீங்க குடுத்த துணியாலதான் உங்க வண்டி டிராக்டருக்குப் பின்னால போச்சுன்னு அவருகிட்டப் போயி எப்படிங்க சொல்றது? நாலு பேரு முன்னால அவருக்கு அசிங்கமில்லீங்களா?"

"உங்கள வேலைய விட்டுத் தூக்கினாரே, அது?"

"அது அவரு மரியாதையாத்தானுங்க சொன்னாரு."

தாராபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்வரை இதே வாதம்தான். துணியைச் சுருட்டியே வைக்கச் சம்மதித்தார். சொல்ல மட்டும் சம்மதிக்கவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் அவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். லாரி இனி நன்றாக ஓடினாலும், "பாத்தீங்களா, பயந்தொடனே மிதிக்கறாரு" என்றுதான் ஆகும்.

மறுநாள் செல்வம் சாரிடம் நான்கு எண்களையும் வைத்தேன். இரண்டு முறை படித்தார். கருவியைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரில் நான்காம் விதியின் முன்னால் நின்றார்.

"இந்தச் சவத்த எழுதினது நாந்தான்" என்றார். "குக்கர் என் மண்டையில விழாம இருந்திருந்தா, அவரு எறக்கி வச்சத எதுக்குன்னு கேட்டு எப்பவோ கண்டுபிடிச்சிருப்போம்." பிறகு டீ சொன்னார். தன் பணத்தில். அது அந்த ஒர்க்‌ஷாப்பில் முன்பு நடந்ததில்லை.

முதலாளியிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டாம், அவர் காலே சொல்லட்டும் என்பது என் யோசனை. வண்டி திரும்பியதும், துணியை முன்பு இருந்த மாதிரியே விரிக்கச் சொல்லி, கடைசிச் சோதனை ஒன்று இருக்கிறது, நீங்களே ஓட்ட வேண்டும் என்று முதலாளியை அழைத்தோம். அவர் இளமையில் டெம்போ ஓட்டி மேலே வந்தவர். அழைத்ததும் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நானும் சிவசாமி அண்ணனும் பக்கத்தில், செல்வம் சார் பின்னால் படுக்கையில்.

"கிளம்புங்க" என்றேன்.

லாரி கிளம்பியது, சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற உறவினர் மாதிரி, தயங்கித் தயங்கி.

"நல்லா மிதிங்க."

"மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்!"

"இன்னும் மிதிங்க."

"இன்னும் மிதிச்சா காலு ரோட்டுக்கு வந்துருமுங்க அம்மணி! இதென்னங்க வண்டி!"

"சிவசாமி அண்ணனும் இதையேதான் சொன்னாருங்க" என்றேன்.

வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். நான் குனிந்து, பெடலுக்கு அடியிலிருந்த துணியை உருவி என் மடியில் வைத்துக்கொண்டேன். "இப்ப ஒருதடவ." லாரி பாய்ந்தது. மாலையோடு சேர்ந்து மூன்று தெய்வங்களும் ஆடின. பின்னால் செல்வம் சார் எதிலோ இடித்துக்கொண்டு, எழுத முடியாத ஒரு சொல்லைச் சொன்னார்.

முதலாளி வண்டியை ஓரங்கட்டினார். மீட்டரைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தார்.

"இது நம்ம துணியில்ல?"

சிவசாமி அண்ணன் ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வண்டிக்குந்தான குடுத்தேன்? மத்த ரெண்டு வண்டி நல்லாத்தான ஓடுது?"

உடனே மற்ற இரண்டு டிரைவர்களுக்கும் போன் போட்டார். ஒருவர் துணியைத் தன் மாமியாருக்குப் போர்வையாகக் கொடுத்துவிட்டாராம். இன்னொருவர் முதலில் மழுப்பினார், பிறகு, வேஸ்ட் துணிக் கடையில் போட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

முதலாளி போனை வைத்தார். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒருத்தருதான் விரிச்சீங்களா?"

"குடுத்தீங்கல்லங்க" என்றார் சிவசாமி அண்ணன்.

வெளியே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"துணி தடிமனா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார் முதலாளி கடைசியில்.

"ஆமாங்க. என் தப்புத்தானுங்க."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். செல்வம் சார் பின்னாலிருந்து என் தோளில் பேனாவால் தட்டினார். மூடிக்கொண்டேன்.

"திங்கக்கெழம லோடு இருக்குது" என்றார் முதலாளி சாவியை நீட்டி. "நேரத்துல வந்துருங்க." கொங்கு மன்னிப்பு இவ்வளவுதான் இருக்கும். இதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் வேறு மாவட்டத்தில் வேலை தேட வேண்டும்.

இப்போதைய நிலையைச் சொல்லி முடிக்கிறேன். செல்வம் சார் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டார். நான் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சிவசாமி அண்ணன் அதே லாரியைத்தான் ஓட்டுகிறார். பெடலைச் சுற்றி மட்டும் துணியை வெட்டி எடுத்தாயிற்று. முதலாளி கொடுத்ததை வெட்ட மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதால், கத்தரிக்கோலை நான்தான் பிடிக்க வேண்டியிருந்தது.